கீழே வைக்காமல்

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிளாக்கர் தன் கையால் தண்ணீர் சுமந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் ஆட்கள் குடியிருக்கும் எல்லா லயத்துக்கும் அது தெரிந்துவிடும். முஹ்ஸின் வாளி வாளியாகச் சுமந்தான். பாறை இடுக்கிலிருந்து மூங்கில் வழியாக விழும் பீலிக்கும் அவனுடைய குவாட்டர்ஸுக்கும் நடுவே மலையை வெட்டிப் போட்ட படிகள். மழையில் வழுக்கும், வெயிலில் பொடிந்து உதிரும். காலையில் பிரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிக்கும் முன்பு ஏறுவான். மாலையில் ரப்பர் ஸ்டோரைப் பூட்டிய கையோடு மறுபடி ஏறுவான். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு? பீப்பாய் நிரம்பியதும் வாழைக்கு ஊற்றினான். வாழை அடி அழுகத் தொடங்கியது. பிறகும் ஊற்றினான்.

பெரிய கிளாக்கர் தம்பிராஜா ஒரு நாள் படியில் எதிர்ப்பட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பின்னால் ஓர் ஆள் அவருக்குக் குடை பிடித்து வந்தான்.

“என்ன காணும் இது?”

“தண்ணி ஐயா.”

“தண்ணியெண்டு எனக்கும் தெரியுது. அதை ஏன் நீர் தூக்கிறீர்? தண்ணிக்காரன் செத்துப்போனானோ?”

“நான்தான் வேணாமெண்டு சொன்னேன்.”

“இஞ்சை பாரும். நாங்கள் ஸ்டாஃப். இந்தக் குடையைக்கூட நான் பிடிக்கிறேல்லை. ஏன், எனக்குக் கை இல்லையோ? இண்டைக்கு நீர் வாளி தூக்கினால் நாளைக்குத் துரை எனக்கும் ஒண்டு தருவான்.”

“தந்தா நல்லது ஐயா. இந்த ஏத்தத்துக்கே உங்களுக்கு மூச்சு வாங்குது.”

தம்பிராஜா சிரிக்கவில்லை. குடைக்காரன் சிரித்துவிட்டு அவசரமாக வேறு பக்கம் பார்த்தான்.

முஹ்ஸின் வாளியோடு மேலே போனான். காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய காரணமும் இல்லை. மகளைத் தூக்க வேண்டும். தூக்க முடிந்தால் அவள் அவனோடு இருப்பாள். முடியாவிட்டால் கொழும்புக்குப் போய்விடுவாள்.

அவன் பெண்சாதி ஸாஹிரா போன வருஷத்து அடைமழையில் இரண்டாவது பிரசவத்தில் மௌத்தானாள். பிள்ளையும் தங்கவில்லை. அவளைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிய முஹ்ஸின் மையவாடி வரைக்கும் அதை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. அவன் அழுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான். அழுகை வரவில்லை. அதன் பிறகு உடம்பு ஓரிடத்தில் தரிக்கவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்லும். எழுந்தால் நடக்கச் சொல்லும். சுவருக்குச் சுவர் நடந்தான். நடந்து போய்ச் சேர ஓர் இடம் இருக்கவில்லை.

மூத்தவள் றஸ்மியாவுக்கு நாலு வயது. நடக்கப் பழகும் முன்பே வந்த ஒரு காய்ச்சல் வலது காலை வாங்கிக்கொண்டு போய்விட்டது. தரையில் கைகளை ஊன்றி இழுத்து இழுத்து நகர்வாள். மற்றதெல்லாம் தூக்கித்தான். கட்டிலில் ஏற்றத் தூக்க வேண்டும். குளிப்பாட்டத் தூக்க வேண்டும். மழை பார்க்க வேண்டுமென்றாலும் வாசலுக்குத் தூக்க வேண்டும். ஸாஹிரா இருந்தவரைக்கும் அது ஒரு வேலையாகவே தெரிந்ததில்லை. அவள் போனதும் பிள்ளை தாயின் வீட்டுக்குப் போயிற்று. ஊர் வழக்கம் அது. யாரும் முஹ்ஸினைக் கேட்கவில்லை. அவனும் மறுக்கவில்லை. மாவனல்லைக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்த மாமி றுகையாவின் வீட்டில் மகளை விட்டுவிட்டுத் தனியாக மலையேறினான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த வெள்ளிக்கிழமை, பிள்ளையைத் தானே குளிப்பாட்டுவதாகச் சொன்னான். கொழும்புக் கல்லூரியில் டம்பெல்ஸ் சுழற்றி வெள்ளிக் கப் வாங்கியவன். கல்யாணத்தில் அந்தக் கப்பை மேசையில் வைத்திருந்தார்கள். குனிந்து, நனைந்த பிள்ளையைத் தொட்டியிலிருந்து தூக்கினான். நனைந்த பிள்ளை மீன் மாதிரி. கை பிடித்தது, இடுப்பு பிடிக்கவில்லை. நடு முதுகில் ஏதோ வெட்டிக்கொள்ள, அப்படியே உட்கார்ந்துவிட்டான். றஸ்மியாவின் மோவாய் கிணற்றுக் கட்டின் விளிம்பில் அடித்தது. இரத்தம் பார்த்ததும் மாமி ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டார்.

“கப் வாங்கின கையாம்” என்றார்.

மோவாயில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றது. அதற்குப் பிறகு அவன் தூக்கினால் பிள்ளை பலகை போல விறைத்துவிடுவாள். அழமாட்டாள். அழுதால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

பிறகுதான் கொழும்புப் பேச்சு வந்தது. ஸாஹிராவின் உடன்பிறந்த நானா பாறூக் மருதானையில் கடை போட்டிருந்தான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வீட்டோடு அங்கே போவதென்று முடிவாகிவிட்டது.

“றஸ்மியா?” என்று முஹ்ஸின் கேட்டான்.

“அவள விட்டுட்டா போவோம்? எங்களோடதான்” என்றார் மாமி.

“அவள் எனக்கு வேணும்.”

மாமி அவனைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து ‘வேணும்’ என்று வந்தது அதுதான் முதல் தடவை.

“வெச்சு என்ன செய்வீங்க? கடுதாசி மாதிரி மேசையில வெப்பீங்களா? அவளத் தூக்க வேணும் மருமகன். விடிஞ்சா பொழுதுபட்டாத் தூக்க வேணும்.”

“தூக்குவேன்.”

“அப்ப இப்பிடிச் செய்யுங்க. பெருநாள் கழிய, இந்த வாசல்ல இருந்து ஒங்கட குவாட்டர்ஸ் வரைக்கும் அவளக் கொண்டு போங்க. கீழ வெக்காம. கை மாத்தாம. நடுவுல எங்கயாவது வெச்சா, கொழும்பு.”

பாறூக் கதவோரத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். “மச்சான், ஒரு வார்த்த சொல்லுங்க, நான் முன்னாலயே உம்மாவுக்கும் புள்ளைக்குமெண்டு ரெண்டு கட்டில் வாங்காம ஒரு கட்டில் வாங்குவேன்” என்றான்.

“ஒண்டு வாங்குங்க” என்றான் முஹ்ஸின்.

அன்று மேலே வந்ததும் பெட்டியைத் திறந்து டம்பெல்ஸை எடுத்தான். கண்ணாடி முன் நின்று சுழற்றினான். நெஞ்சு அகன்றது, புஜம் உருண்டது. பார்க்க நன்றாக இருந்தது. இதை ஒரு நாளில் எந்த வேலைக்குச் செய்கிறோம் என்று யோசித்தான். நேராக நின்றுகொண்டு, கைக்கு அடக்கமான இரும்பை, காற்றில். அப்படி ஒரு வேலையும் நினைவுக்கு வரவில்லை. கிணற்றடியில் அவனைக் கைவிட்டது இடுப்பும் முழங்காலும். டம்பெல்ஸ் அன்றிலிருந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தது.

வாளி அப்படி வந்ததுதான். விறகும் தானே வெட்டினான். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டான். கையை ஊன்றாமல் எழுந்தான். முதல் வாரம் மூன்று தரம் முயன்றால் ஒரு தரம் விழுந்தான். தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்போதும் கை ஊன்றாமல் எழுந்து பார்த்தான். நிய்யத்து தொழுவதா, உடம்பைப் பழக்குவதா என்று அவனுக்கே தெரியவில்லை. அரிசிச் சாக்கில் மணல் கட்டி இடுப்பில் வைத்துப் படியேறினான். கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் கூட்டினான். ஒரு கையில் சாக்கு, மறு கையால் கதவைத் திறப்பான். சாக்கோடு குனிந்து செருப்பைத் தேடுவான். சாக்கோடு சுளகை எடுப்பான், விளக்கைத் துடைப்பான். உடம்பு நொந்தது. நோவு நல்லதாக இருந்தது. படுத்ததும் தூக்கம் வந்தது. விடியும் முன்பே மறுபடி கால் எழச் சொன்னது.

ஸ்டோருக்கு அருகே புள்ளைக்காம்பரா. ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். அதைப் பார்த்துக்கொண்ட தங்கம்மா ஒரு நாள் சாக்கோடு போனவனை நிறுத்தினாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. மூட்டைக்கு என்னங்க பேரு?”

“பேரா?”

“இல்ல, தெனமும் இடுப்புல வச்சுக்கிட்டே திரியுறீங்களே. ஒரு சட்ட தச்சுப் போட்டா என்னன்னு நாங்க பேசிக்கிட்டோம்.”

உள்ளேயிருந்து யாரோ பெண்கள் சிரித்தார்கள். முஹ்ஸினும் சிரித்திருக்க வேண்டும். முகத்தில் ஏதோ இழுபட்டது. காரணத்தை அவளிடம்தான் முதலில் சொன்னான். தங்கம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

“பகல்ல இங்க விடுங்க ஐயா. நா பாத்துக்கிறேன். இங்க எல்லாமே தவழுற சாதிதான், அதுக்கு வித்தியாசமாவே தெரியாது.”

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு இறங்கும்போது மாமி வீட்டுக்குப் போனான். “பயில்வான் வாறார், கதவு நிலையை அகட்டுங்க” என்பான் பாறூக். றஸ்மியா தன் உம்மும்மாவான மாமியின் மடியிலிருந்து பார்ப்பாள். வரமாட்டாள். மாமி இப்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்த பிறகே பிள்ளையை வாங்குகிறார் என்பதை அவன் கவனித்தான். எதற்கென்று யோசிக்கவில்லை. சாக்கு பிள்ளையைவிடக் கனத்துவிட்டது என்பதே அவன் மனதில் இருந்தது.

பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். இரவு மழை பெய்து விட்டிருந்தது. மாமி பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, மை தீட்டி வைத்திருந்தார்.

“உம்மும்மாவும் வாறா?” என்று கேட்டாள் றஸ்மியா.

“ஓடை வரைக்கும்” என்றார் மாமி.

முஹ்ஸின் குந்தினான். அணைத்து, கை ஊன்றாமல் எழுந்தான். இடுப்பு சொன்னபடி கேட்டது, முழங்கால் கேட்டது. பாறூக் புருவத்தை உயர்த்தினான். கனமே இல்லை என்று முதல் வளைவு வரைக்கும் நினைத்தான்.

சாக்கு, வைத்த இடத்தில் இருக்கும். இவள் இருக்கவில்லை. நெஞ்சைப் பின்னுக்குத் தள்ளி, தலையைத் திருப்பி, பின்னால் வரும் உம்மும்மாவையே பார்த்தாள். அவன் சரித்தால் அவள் எதிர்ப்பக்கம் சரிந்தாள். கழுத்தைப் பிடி என்றான். கைகளை மடக்கி வைத்துக்கொண்டாள். ஒவ்வோர் அடிக்கும் அவளை மீண்டும் மீண்டும் பிடிக்க வேண்டியிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

ஓடைக்கு வந்தார்கள். அதன் மேல் ஏதண்டை: குறுக்கே விழுத்திய ஒற்றைத் தென்னை மரம், பிடிக்க ஒரு பக்கம் பிரம்பு. கீழே கலங்கிய தண்ணீர் பாறையை உரசிக்கொண்டு போனது. அதைக் கடந்தால் தோட்டத்துப் படிகள். படிகள் அவனுக்கு ஒன்றுமே இல்லை.

மரத்தில் ஒரு காலை வைத்தான். றஸ்மியா தண்ணீரைப் பார்த்துவிட்டு உடம்பை வில்லாக வளைத்துப் பின்னால் எறிந்தாள். காலை எடுத்துக்கொண்டான். மறுபடி வைத்தான். மறுபடியும் அதே. பின்னால் மாமியும் பாறூக்கும் நின்றார்கள்.

இறுக்கிப் பிடிக்கலாம். கையில் அதற்கு வேண்டிய பலம் இருந்தது. அவள் அசைய முடியாதபடி நெஞ்சோடு நசுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடலாம். அவள் வாயைத் திறந்திருந்தாள், சத்தம் வரவில்லை. மோவாயில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது.

முஹ்ஸின் குந்தி, அவளைப் புல்லில் இறக்கி வைத்தான்.

“மச்சான்” என்றான் பாறூக். “வெச்சிட்டீங்க.” அவன் குரலில் கேலி இல்லை.

முஹ்ஸின் எழவில்லை. மகளுக்கு எதிரே குந்திக்கொண்டே இருந்தான். மூச்சு இரைத்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். ஏதண்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“உம்மா இப்பிடி இல்ல” என்றாள்.

“எப்பிடி?”

“முதுகுல.”

அவனுக்குத் தெரியாது. அத்தனை வெள்ளிக்கிழமைகள் இந்த மரத்தைக் கடந்திருக்கிறார்கள். கிளாக்கர் குடையோடு முன்னால் போவார். பெண்சாதி பிள்ளையோடு பின்னால் வருவாள். தோட்டத்தில் எல்லா ஸ்டாஃபும் அப்படித்தான். முஹ்ஸினும் அக்கரை ஏறி, மரநிழலில் மணி பார்த்துக்கொண்டு நிற்பான். ஸாஹிரா எப்படி வந்தாள் என்று ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

“முதுகுல ஏறி?”

“காதப் புடிக்கிற. இந்தப் பக்கம் சாஞ்சா இந்தக் காத இழுக்கிற. அந்தப் பக்கம் சாஞ்சா அந்தக் காத. நான்தான் உம்மாவுக்கு வழி சொல்ற.”

“உம்மா என்ன சொல்லுவா?”

“மெதுவா இழு புள்ள, தோடு பிஞ்சிடும் எண்டு.”

“எனக்குத் தோடு இல்லையே.”

றஸ்மியா கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நல்லா இழுக்கலாம்” என்றாள்.

அவன் முதுகைத் திருப்பினான். தரையில் இழுத்து நகர்ந்தே பலத்த கைகள் அவை. சட்டையைப் பற்றி, தோளைப் பற்றி ஏறினாள். இரண்டு காதும் அவள் பிடிக்குள் போயின. எழுந்தான். கனம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவன் முதுகின் ஒரு பகுதி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவன் கை இரண்டும் அவளைத் தாங்கியிருந்தன. பிரம்பைப் பிடிக்கக் கை இல்லை. மரத்தில் ஏறினான். படிகளில் பழகிய பாதம் மரத்தைக் கவ்வியது. நடுவில் ஒரு கணம் உடம்பு சாய்ந்தது. இடது காது பிய்ந்து போகிற மாதிரி ஓர் இழுப்பு. நிமிர்ந்தான். அக்கரை.

காது நொந்ததால் கண்ணில் நீர் வருகிறது என்று நினைத்தான். அவள் காதை விட்ட பிறகும் அது நிற்கவில்லை. பார்வையை மறைத்தது. துடைக்கக் கை இல்லாததால் அப்படியே நின்றான்.

“வாப்பா, போங்க” என்றாள் முதுகிலிருந்தவள்.

“மருமகன்.” மாமியின் குரல் ஓடைக்கு மேலாக வந்தது. “கீழ வெச்சிட்டீங்க.”

“ஓம் மாமி. வெச்சிட்டேன்.”

சொன்ன சொல் சொல்தான். திரும்பினான். மறுபடியும் மரத்தில் ஏறி, காதுகள் இழுபட, இக்கரைக்கு வந்து, மாமியின் முன்னால் முதுகைத் தாழ்த்தினான். மாமி பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். பாதி தூக்கினார். முழங்கால் மடிந்தது. பாறூக் பாய்ந்து வந்தான். மாமி அவன் கையைத் தட்டிவிட்டு, பக்கத்து வேரில் மெல்ல உட்கார்ந்து, அதன் பிறகு பிள்ளையை மடிக்கு இழுத்தார்.

“எவ்வளவு நாளா மாமி?”

“அது கிடக்கட்டும்.”

மாமி வேரைக் கையால் தடவினார்.

“இந்த வேர்லதான் இருப்பேன்” என்றார் மாமி. “ஒவ்வொரு வெள்ளியும் ஒங்கள வழியனுப்பிட்டு இதுல இருந்து பாத்துக்கொண்டிருப்பேன். நீங்க குடையோட முன்னுக்கு. அவ புள்ளயத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு, கடசியில வயித்துப் புள்ளயோடயும். கால் வழுக்கினா யாரு புடிக்கிற? நீங்க திரும்பினதே இல்ல.”

முஹ்ஸின் குனிந்து பிள்ளையின் புதுச் சட்டையை இழுத்து விட்டான்.

“கொழும்புல மாடி வீடாம். சுத்திச் சுத்திப் போற இரும்புப் படியாம்.” மாமி றஸ்மியாவின் முகத்தை முந்தானையால் துடைத்தார்; மை கன்னமெல்லாம் ஆகியது. “மாசத்துக்கு ஒருக்கா இவள ரம்புக்கனையில ரயில் ஏத்திக் கூட்டிக்கொண்டு வாங்க. அந்தப் படியிலயும் நீங்கதான் தூக்க வேணும். இவனுக்கு ஏலாது, வெத்தில மெல்லத்தான் ஏலும்.”

“உம்மா, நான் இங்கதான் நிக்கிறேன்” என்றான் பாறூக்.

“நிக்கிறது தெரியும். புள்ளய அவர்ட முதுகுல ஏத்தி விடு.”

மாமி அக்கரை வரவில்லை. வேரிலேயே இருந்தார். இந்த முறை ஏதண்டையைக் கடந்ததும் முஹ்ஸின் நின்று, திரும்பி, றஸ்மியாவும் அவரைப் பார்க்கும்படி சாய்ந்து கொடுத்தான். பிறகு படியேறினான்.

நடு மலையில் காதுப்பிடி தளர்ந்தது. தூங்கிவிட்டாள். தூங்கிய பிள்ளை கனத்தது, சாக்கைவிடக் கனத்தது. வியர்வை வழிய ஏறினான். தம்பிராஜா குடைக்காரனோடு இறங்கி வந்தார். வாயைத் திறந்தார், முதுகில் இருந்ததைப் பார்த்தார், படியை விட்டு ஓரமாக இறங்கி வழி கொடுத்தார்.

குவாட்டர்ஸ் கதவை முழங்காலால் தள்ளினான். டம்பெல்ஸ் உருண்டு ஓடியது. அவள் விழிக்கவில்லை. கட்டில் விரித்திருந்தது. அதன் முன் வந்து நின்றான்.

குனிந்தால் தலைகீழாக விழுவாள். திரும்பி உட்கார்ந்தால் நசுங்குவாள். ஒரு கையை எடுத்தால் சரிவாள். சாக்கை எப்போதும் தொப்பென்று போட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். தூங்கும் பிள்ளையைக் கீழே வைப்பது எப்படி என்று அவன் பழகவே இல்லை.

அவள் கன்னம் அவன் பிடரியில் சூடாக இருந்தது. மூச்சு காதில் பட்டது. முஹ்ஸின் கட்டிலை விட்டு விலகி, சுவர் வரைக்கும் நடந்தான். திரும்பி, மற்றச் சுவர் வரைக்கும் நடந்தான்.